வேட்டைக்காரர் நட்ட மரங்கள்



இந்த மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கோ என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். வழக்கமாக இந்தப் பக்கத்தில் நாவலர் வருவார், விபுலானந்த அடிகள் வருவார், தனிநாயகம் அடிகள் வருவார். அவர்களைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி. அவர் செங்கல் அறுத்துப் பிழைத்தவர். முப்பத்துமூன்று வயதுவரை எழுத வாசிக்கத் தெரியாதவர். பெயர் ஜாக் மைனர். பிறந்தது ஏப்ரல் 10. எங்கட வருடப்பிறப்புக்கு நாலு நாள் முந்தி. அவருடைய பிறந்தநாள் வருகிற வாரத்தைத் தேசிய வனவிலங்கு வாரமாகக் கொண்டாட வேண்டும் என்று கனடாப் பாராளுமன்றம் 1947ஆம் ஆண்டு சட்டமே இயற்றியது. ஆனபடியால் இந்தச் சித்திரை மலரில் அவருக்கு ஒரு இடம் கொடுப்பது பிழையில்லை என்று நினைக்கிறேன்.

நான் அவரைத் தேடிப் போகவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கு. நான் 1989இல் இங்கே வந்துவிட்டேன். அடுத்த ஆண்டே அங்கே சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அப்பாவும் அம்மாவும் திரும்பிப் போய்ப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். 2016இல் எங்கள் பக்கத்துக் காணிகள் விடுபட்ட பிறகு நான் போனேன். மதில் இல்லை, வேலி இல்லை. அப்பா நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் இல்லை, கிணத்தடிப் பலா இல்லை. கூரையில்லாத நாலு சுவர் நின்றது. சாமியறை இருந்த இடத்தில் சீமெந்தைப் பிளந்துகொண்டு ஒரு வேம்பு. குசினிக்குள் ஒரு நாவல். ஒரு மனிதனும் வைத்த மரங்கள் அல்ல. காகமும் வௌவாலும் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகள். இருபத்தாறு வருடமாக அந்த வளவைப் பார்த்தது அவைதான். நாங்கள் சிறுவயதில் கெற்றப்போலால் அடித்து விழுத்திய இனங்கள்.

திரும்பி வந்து கனகாலம் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2017 கார்த்திகையில், முதியோருக்கான பஸ் பயணம் ஒன்றில் மனைவி என்னை வலுக்கட்டாயமாக ஏற்றினா. 401இல் மேற்கே நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி, ஈரி ஏரிக் கரையில் கிங்ஸ்வில் என்ற சின்ன ஊரில் பஸ் நின்றது. இறங்கினால் காது அடைக்கிற சத்தம். வயல் முழுக்கக் கனடா வாத்து. ஆயிரமாயிரமாக. எங்கள் பார்க்குகளில் புல்லைத் தின்று நடைபாதையை அசுத்தமாக்குகிற அதே சாம்பல் நிறப் பறவைதான், கறுத்தக் கழுத்து, வெள்ளைத் தாடி. இதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தது என்று பஸ்ஸில் சிலர் முணுமுணுத்தார்கள். நானும் முணுமுணுத்தனான். அங்கே வாசலில் காசு வாங்கவில்லை. ஏன் என்று விசாரித்தபோதுதான் ஜாக் மைனரின் கதை வந்தது. பிறகு நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசித்தேன்.

ஜோன் தோமஸ் மைனர் 1865ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர். பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பம். அவருக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, 1878இல், குடும்பம் எல்லை கடந்து ஒன்ராறியோவின் எசெக்ஸ் மாவட்டத்துக்கு, கிங்ஸ்வில்லுக்குப் பக்கத்தில் வந்து குடியேறியது. அவரும் எங்களைப் போல வந்தேறிதான். பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். பிறகு கையெல்லாம் களிமண். தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்து செங்கலும், நிலத்துக்குக் கீழே பதிக்கிற வடிகால் ஓடுகளும் செய்து விற்றார்கள்.

இந்த வடிகால் ஓடு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தென்மேற்கு ஒன்ராறியோ ஒரு காலத்தில் பெருங்காடும் சதுப்புமாக இருந்தது. கறுப்பு வால்நட், ஹிக்கொரி, ஓக் என்று கொட்டை மரங்கள் நிறைந்த காடு. குடியேறியவர்கள் காட்டை வெட்டினார்கள். ஆனால் தண்ணீர் நின்ற நிலத்தில் பயிர் செய்ய முடியாது. அதற்குத்தான் இந்தச் சுட்ட மண் குழாய்கள். வயலுக்குக் கீழே வரிசையாகப் பதித்தால் தண்ணீர் வடிந்து கால்வாய்க்குப் போய்விடும். அப்படித்தான் எசெக்ஸின் சதுப்பு நிலம் மிகப் பெரும்பகுதி வயலாகியது. கமக்காரருக்கு நல்லது. தாராவுக்கும் வாத்துக்கும் இறங்க இடமில்லாமல் போனது. அந்தக் குழாய்களைச் செய்தவர்களில் ஒருவர்தான் பிறகு பறவைகளுக்காகக் குளம் வெட்டினார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் வாசித்த புத்தகங்களில் இதைப் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை.

இளவயதில் மைனர் பெரிய வேட்டைக்காரர். பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல, குடும்பத்துக்கு வருமானம் வேண்டுமென்று பொறி வைத்துப் பிடித்தும் சுட்டும் விற்றவர். அவரும் சகோதரர்களும் குறி தவறாதவர்கள் என்று ஊர் முழுக்கப் பெயர். குளிர்காலம் தொடங்கும்போது வடக்கே காட்டுக்குப் போய் மானும் மூஸும் சுட்டு வருவார்கள். 1888இல் உள்ளூர்ப் பெண்ணான லியோனா விகிளை மணந்தார். பத்து ஆண்டுகள் கழித்து அப்படியான ஒரு வேட்டைப் பயணத்தில் தவறுதலாக வெடித்த துப்பாக்கியால் அவருடைய சகோதரர் இறந்துபோனார். காட்டுக்குள்ளிருந்து சகோதரத்தின் உடலை ஊருக்குக் கொண்டு வருவது எப்படி இருந்திருக்கும் என்று இந்த மலரை வாசிக்கிற பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தத் துக்கத்துக்குப் பிறகு அவர் தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கினார். அங்கே ஞாயிறு பாடசாலையில் பையன்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாதவர் எப்படி வேதம் படிப்பிக்கிறது? பையன்கள் வாசித்தார்கள், இவர் கேட்டார். இவர் அவர்களுக்குக் காட்டைப் பற்றிச் சொன்னார், பறவைகளைப் பற்றிச் சொன்னார். அப்படியே எழுத்தும் கூடி வந்தது. பிற்காலத்தில் அவர் பெயரில் புத்தகங்கள் வந்தன. முதலாவது 1923இல் வெளிவந்த ஜாக் மைனர் அன்ட் த பேர்ட்ஸ். இங்கே வந்து ஐம்பது வயதில் ஆங்கில வகுப்புக்குப் போய், பிள்ளையின் வயதுள்ள ரீச்சருக்கு முன்னால் வெட்கப்பட்டு இருந்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்!

பறவைகளைக் காப்பது அவருக்குக் காடையில் தொடங்கியது. பொப்வைற் என்று ஒரு சின்னக் காடை அந்தப் பக்கம் உண்டு. கடும் பனியில் இரை கிடைக்காமலும் ஒதுங்க இடமில்லாமலும் செத்துப்போகும். மறைவிடங்கள் செய்து, உள்ளே தானியம் போட்டு அவற்றைக் காப்பாற்றினார். பெசன்ற் என்ற நீண்ட வால் கோழியையும் வளர்த்தார். சுட்டுக்கொண்டிருந்தவர் ஏன் வளர்க்கத் தொடங்கினார் என்றால், சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போகிறதைக் கண்ணால் கண்டவர் அவர். முதல் காரணம் அவ்வளவு புனிதமானது அல்ல. இதை ஒளிக்கத் தேவையில்லை. பிற்காலத்திலும் அவர் துப்பாக்கியை முற்றாகக் கீழே வைத்தவர் அல்ல.

வாத்துக் கதை இப்படி. வசந்தத்தில் வடக்கே போகிற காட்டு வாத்துகள் அவருடைய நிலத்துக்கு மேலாலே பறக்கும். பக்கத்து வயல்களில் இறங்கும். மற்றக் கமக்காரர் நடந்து போனால் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மேயும். மைனர் வந்தால் எச்சரிக்கைக் குரல் எழுப்பிக்கொண்டு எழும்பிவிடும். தன்னை அவைக்குத் தெரிந்திருக்கிறது என்று அவர் விளங்கிக்கொண்டார். எதிரியை அடையாளம் காணத் தெரிந்த சீவனுக்கு நண்பனையும் அடையாளம் காணத் தெரியத்தானே வேண்டும் என்று யோசித்தார். 1904ஆம் ஆண்டு, மண் எடுத்த கிடங்கில் தண்ணீர் விட்டுக் குளமாக்கி, இறகு நறுக்கிய ஏழு பழக்கிய வாத்துகளை அதில் விட்டார். தங்கட இனம் நிம்மதியாக நிற்கிறதைக் கண்டு காட்டு வாத்தும் இறங்கும் என்பது கணக்கு.

இறங்கவில்லை. முதலாம் வருடம் இல்லை, இரண்டாம் வருடம் இல்லை, மூன்றாம் வருடமும் இல்லை. ஊர் சிரித்தது. வாத்து பிடிக்கிற வேட்டைக்காரன் வாத்துக்குச் சோளம் போட்டுக் காத்திருக்கிறான் என்றால் சிரிக்காமல் என்ன செய்யும்? நாலு வருடம் கழித்து, 1908 வசந்தத்தில், ஒரு சிறிய கூட்டம் வந்து இறங்கியது. அடுத்த வருடம் அதைவிடக் கூட. 1911 அளவில் வானத்தை மறைக்கிற அளவுக்கு வரத் தொடங்கின. 1913இல் வீட்டுக் காணி முழுவதும் சரணாலயமாகிவிட்டது.

அகதி வழக்கு முடிவுக்காக நாலு வருடம், ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்கு இந்த நாலு வருடக் கணக்கு ஒரு மாதிரி இருக்கும். இங்கே வாத்துகள் காத்திருக்கவில்லை. காத்திருந்தது வீட்டுக்காரர்.

அடுத்தது வளையம். இந்தப் பறவைகள் எங்கேயிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று அந்தக் காலத்தில் சரியாகத் தெரியாது. 1909 ஆகஸ்டில் மைனர் ஒரு கறுப்புத் தாராவின் காலில் தன் முகவரி பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டிவிட்டார். 1910 ஜனவரியில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஒரு வைத்தியர் அதைச் சுட்டு, வளையத்தைக் கண்டு, கிங்ஸ்வில்லுக்குக் கடிதம் எழுதினார். வளையம் மாட்டிய இடமும் பறவை விழுந்த இடமும் இரண்டும் தெரிந்த பதிவு என்ற வகையில் வட அமெரிக்காவில் அது ஒரு தொடக்கம். 1915இலிருந்து வாத்துகளுக்கும் மாட்டினார். வளையத்தின் மறுபக்கத்தில் வேதாகம வசனம் ஒன்றைப் பொறிக்கிற பழக்கமும் வந்தது. ஜேம்ஸ் குடா, ஹட்சன் குடாக் கரைகளில் பழங்குடி வேட்டைக்காரர்கள் இந்த வளையங்களை எடுத்து அங்கிருந்த பாதிரிமாரிடம் காட்ட, அவர்கள் சேர்த்து அனுப்பினார்கள். இப்படி அவர் காலத்தில் ஏறக்குறைய 50,000 நீர்ப்பறவைகளுக்கு வளையம் மாட்டப்பட்டது. 1916இல் கனடாவுக்காகப் பிரிட்டனும் அமெரிக்காவும் வலசைப் பறவைகளைக் காக்க ஒப்பந்தம் செய்தன. கனடா 1917இலும் அமெரிக்கா 1918இலும் அதைச் சட்டமாக்கின. எல்லை தெரியாத பறவைக்கு இரண்டு நாடும் சேர்ந்து ஒரு சட்டம். மனிசருக்கு இது இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை.

இனி மரத்துக்கு வருகிறேன். குளம் மட்டும் போதாது என்பது மைனருக்கு விரைவிலேயே விளங்கியது. எசெக்ஸ் தட்டையான நிலம். காடு வெட்டுப்பட்ட பிறகு ஏரிக்காற்று தடையில்லாமல் அடிக்கும். பறவைக்குத் தண்ணீர் வேண்டும், இரை வேண்டும், காற்றுக்கு ஒதுங்க மறைப்பும் வேண்டும். ஒன்ராறியோ அரசாங்கம் பணம் கொடுத்து உதவியபோது அவர் இன்னும் குளங்கள் வெட்டி, சுற்றிவரத் தோப்பு வைத்தார். பசுமை மாறாத ஊசியிலை மரங்களும் செடி புதர்களும் வரிசை வரிசையாக நட்டார். சின்னப் பறவைகளுக்குப் பெட்டிக் கூடுகள் அடித்தார். நான் போன அன்று அந்த மரங்களுக்குக் கீழேதான் நின்றேன். வெளியே காற்று முகத்தை வெட்டியது. மரத்துக்கு உள்ளே வந்தால் கையுறையைக் கழற்றலாம் போலிருந்தது. இலையில்லாத புதரில் மிஞ்சியிருந்த சிவப்புப் பழங்களை ஒரு கூட்டம் சின்னக் குருவிகள் தின்றுகொண்டிருந்தன. வாத்தைப் பார்க்க வந்த சனம் அதைக் கவனிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு எங்கள் குசினி நாவல் நினைவுக்கு வந்தது.

அவரைத் தெய்வமாக்குவதற்காக நான் எழுதவில்லை. அவருக்குப் பறவைகளில் நல்லது, கெட்டது என்று இரண்டு சாதி. பருந்து, ஆந்தை, காகம் எல்லாம் கொலைகாரர் கணக்கில். பொறி வைத்துப் பிடித்துக் கொன்றார். காகங்களை நூற்றுக்கணக்கில் அகப்படுத்தப் பெரிய கூண்டே கட்டினார். அன்றைய பறவையியல் அறிஞர்கள் சிலர் இதை வெளிப்படையாகவே கண்டித்தார்கள். பிணக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அறிஞர்கள் சொன்னதுதான் சரி. எலியையும் நோய்ப்பட்ட பறவையையும் எடுத்துக் காட்டைச் சமநிலையில் வைப்பவை அவைதான். இன்று ஒன்ராறியோவில் பருந்தையும் ஆந்தையையும் சட்டம் காக்கிறது. விரத நாளில் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற எங்கட ஆக்களுக்கு மைனரின் இந்தப் பக்கம் ஒருநாளும் ஒத்துவராது.

பேச்சாளராக அவருக்குப் பெரும் புகழ். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மண்டபங்கள் நிறைந்தன. கிடைத்த பணம் வாத்துகளின் சோளத்துக்குப் போனது. பார்க்க வருகிறவரிடம் மட்டும் ஒரு சதமும் வாங்குவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். 1931இல் அமெரிக்காவிலும் 1940இல் கனடாவிலும் அவர் பெயரில் அறக்கட்டளைகள் அமைந்தன. 1943இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஓ.பி.ஈ. விருது கொடுத்தார். அடுத்த ஆண்டு, 1944 நவம்பர் 3, வாத்துகள் தெற்கே திரும்பி வருகிற பருவத்தில், எழுபத்தொன்பது வயதில் இறந்தார்.

இவ்வளவும் அறிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் வீடு வோபர்னில், மார்க்கம் றோட்டுக்கும் எல்ஸ்மியருக்கும் கிட்ட. பின்வளவு பெரிய இடமில்லை. அதுவரை கோடையில் கத்தரி, மிளகாய், பாகல், ஒரு பந்தல். கறிவேப்பிலையும் முருங்கையும் சாடியில், குளிர் வந்தால் பேஸ்மென்றுக்குள். 2018 வசந்தத்தில் மரம் வைக்கப் போகிறேன் என்றதும் மகன் சிரித்தான். அப்பா, உங்களுக்கு அறுபத்தாறு வயது, எப்ப காய்க்கிறது எப்ப சாப்பிடுறது என்று கேட்டான். சாப்பிட நான் வைக்கேல்லை என்று சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்போது முழுசாக விளங்கியிருந்தது என்று சொல்ல மாட்டேன்.

குளிர் தாங்கும் மரம் என்றால் என்ன என்று எங்கட ஆக்கள் கேட்பினம். மாமரத்துக்கு உறைகுளிர் நஞ்சு. உயிரணுவுக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து ஊசியாகி உள்ளேயே கிழித்துவிடும். இந்த ஊர் மரங்கள் இலையுதிர் காலத்திலேயே ஆயத்தம் செய்கின்றன. உயிரணுவிலிருந்து தண்ணீரை வெளியே விட்டு, உள்ளே சீனிச்சத்தைக் கூட்டி வைக்கின்றன. அதனால் உள்ளே உறைவதில்லை. அதோடு ஆப்பிளுக்குக் குளிர் வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் மணித்தியாலம் குளிரில் கிடந்தால்தான் அடுத்த வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். எங்களைக் கொல்ல வந்ததென்று நாங்கள் முதல் வருடம் நினைத்த குளிர், அதற்குச் சாப்பாடு. கன்று வாங்கும்போது அட்டையில் ஒரு எண் இருக்கும். கனடாவைக் குளிரின்படி வலயங்களாகப் பிரித்த எண் அது. எண் குறையக் குறையக் கூடிய குளிர் தாங்கும். எங்கள் ஸ்காபரோ பக்கத்துக்கு 5 அல்லது அதற்குக் குறைவாக எழுதியிருந்தால் பயமில்லாமல் வாங்கலாம்.

முதல் வருடம் ஒரு ஆப்பிள், ஒரு சேர்விஸ்பெரி, இரண்டு ஹேசல், ஒரு எல்டர்பெரி வைத்தேன். அந்தக் குளிர்காலமே ஆப்பிள் போய்விட்டது. குளிரால் அல்ல. பனிக்கு மேலே ஏறி நின்று முயல் அடிமரத்துப் பட்டையைச் சுற்றிவரக் கடித்துவிட்டது. பட்டை வளையமாகப் போனால் இலை சமைக்கிற சாப்பாடு வேருக்கு இறங்காது, மரம் தப்பாது. வனசீவனுக்கு மரம் வைக்கிறேன் என்று புறப்பட்டவனுக்கு முதல் விருந்தாளி முயல். மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கு. அடுத்ததுக்கு இடுப்பளவு கம்பி வலை கட்டினேன். நீங்களும் கட்டுங்கோ. பனி குவிந்தால் முயலுக்கு ஏணி வைத்த மாதிரி, ஆகவே உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சேர்விஸ்பெரி ஜூனில் பழுக்கும். ருசி பார்க்க ஒரு கை எடுத்தால் அதிர்ஷ்டம், மிச்சம் ரொபின் குருவிக்கும் சீடர் வாக்ஸ்விங்குக்கும். வாக்ஸ்விங் வரும்போது ஒன்றாக வராது, கூட்டமாக வந்து ஒரு நாளில் மரத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடும், எங்கட கலியாணப் பந்தி மாதிரி. ஓகஸ்டில் எல்டர்பெரி. அதைப் பச்சையாக மனிதர் தின்னக் கூடாது, இலையும் தண்டும் நஞ்சு. சமைத்துத்தான் பாகு எடுக்கலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம். ஹேசல் செப்டெம்பரில். இரண்டு கன்று வைத்தால்தான் காய்க்கும், காற்றில் மகரந்தம் மாறவேண்டும். பனி கரைகிற நேரம் அதன் பெண்பூவைப் பாருங்கோ, குங்குமப் பொட்டளவு சிவப்பு நூல், கிட்டப் போகாவிட்டால் தெரியாது. குளிர்காலத்துக்கு என்று பிறகு ஒரு கிராப் ஆப்பிள் வைத்தேன். சின்னப் பழம், புளிப்பு, கொத்தாகத் தொங்கி நிற்கும். ஜனவரியில் ஒன்றும் கிடையாத காலத்தில் அதுதான் கடை.

கறுப்பு வால்நட் வைக்க ஆசைப்பட்டேன். நல்ல காலம், வைக்க முதல் அயல் வீட்டில் படித்துக்கொண்டேன். அவர்களுடைய முதிய வால்நட் மரத்தின் வேர் எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் வருகிறது. அந்த மூலையில் வைத்த தக்காளியும் கத்தரியும் மூன்று வருடமாக வாடி வாடிச் செத்தன. மண் பிழை என்று நினைத்து மூட்டை மூட்டையாக உரம் போட்டனான். பிறகுதான் தெரிந்தது, அந்த மரம் வேரிலும் இலையிலும் கோதிலும் ஜக்லோன் என்ற நஞ்சை விடுகிறது, தக்காளிக் குடும்பத்துக்கு அது ஆகாது. வெள்ளை மல்பெரியும் வேண்டாம். ஆசியாவிலிருந்து வந்த அது இங்கத்தைய சிவப்பு மல்பெரியோடு கலந்து, ஏற்கெனவே அருகிப்போன அந்த இனத்தை அழிக்கிறது.

இடமில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டுக்கு முன்னால் தெருவோர நிலத்தில் ரொறன்ரோ மாநகரசபை இலவசமாக மரம் நட்டுத் தருகிறது, கேட்க வேண்டும், அவ்வளவுதான். பின்வளவுக்கு லீஃப் என்ற அமைப்பு சலுகை விலையில் வந்து நடுகிறது. அப்பார்ட்மென்றில் இருக்கிறவர்கள் எங்கள் பக்கத்து மின்கம்பப் பாதையில் நடந்து பாருங்கோ. 2018இலிருந்து அதை மெடோவே என்று பெயரிட்டு, டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் பூங்காவரை 16 கிலோமீற்றருக்குப் புல்லும் பூவுமாக மாற்றி வருகிறார்கள். கம்பிக்குக் கீழே உயர்ந்த மரம் வைக்க முடியாது, ஆனால் பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அது ஒரு தெரு. ஒன்று மட்டும், வாத்துக்குப் பாண் போடாதேங்கோ. போன கிழமையும் கண்டேன், ஒரு தாத்தாவும் பேரனும் முழுப் பாணையும் பிய்த்துப் போடுகினம். பாசம்தான். ஆனால் அது அவைக்குக் கூடாது.

அயலவர் ஒருவர் எங்கள் மரங்களால் அணிலும் றக்கூனும் கூடிவிட்டதென்று முறைப்பட்டார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. குப்பைப் பெட்டியை இறுக்கிப் பூட்டுகிறேன், விழுந்த பழத்தைக் கூட்டி அள்ளுகிறேன். அவர் இன்னும் முழுதாக மனம் ஆறவில்லை.

ஹேசல் முதன்முதல் காய்த்தது 2022இல். எண்ணினேன், பதினான்கு. ஒவ்வொரு நாளும் போய் எண்ணுவேன். பழுத்துவிட்டதோ என்று பார்க்கப் போன காலை ஒன்பது நின்றது. பின்னேரம் ஒன்றும் இல்லை. புளூ ஜே என்ற நீலப் பறவை ஒன்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் புல்லுக்குள் குத்திப் புதைத்துவிட்டு இலையால் மூடிக்கொண்டிருந்ததை மனைவி குசினி யன்னலால் கண்டாவாம். என்னைக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். கூப்பிட்டால் நீங்கள் கலைத்திருப்பியள் என்றா.

பறவை புதைத்ததில் மறந்துபோன ஒன்று அடுத்த சித்திரையில் முளைத்தது. ரோசாப் பாத்திக்கு நடுவில். மனைவியின் ரோசா. பிடுங்கட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அவ பதில் சொல்லவில்லை. இப்போது முழங்காலளவு நிற்கிறது. மகன் வந்தபோது அதற்குக் கம்பி வலை கட்டிவிட்டுப் போனான். நான் கேட்கவில்லை.

எல்டர்பெரித் தண்டு பனி விலகும் நேரம் வெட்டி ஈரமண்ணில் குத்தினால் வேர் விடும். இம்முறை இருபதுக்கு மேல் குத்தி வைத்திருக்கிறேன். புத்தாண்டு விழா அன்று மண்டப வாசலில் பால்வாளிக்குள் வைத்திருப்பேன். வேண்டியவர்கள் கைவிசேஷம் வாங்கின கையோடு ஒன்று எடுத்துக்கொண்டு போகலாம். காசு இல்லை.